மாவுக்கட்டு அறையில் ஆறு வாரம்

ஜூன் 3, திங்கள்

மணிமாறன் கையை உடைத்துக்கொண்டான். எங்கள் எலும்பு ஆஸ்பத்திரியில் பத்து வருடமாக மாவுக்கட்டு போடுகிறவன் அவன்தான். உடுமலையில் பாதிப் பேரின் கைகால்கள் ஏதாவது ஒரு காலத்தில் அவன் கட்டுக்குள் இருந்தவை. அப்பேர்ப்பட்டவன் நேற்றுப் பூங்காவில், சறுக்கு மரத்தில் எப்படி இறங்குவது என்று மகளுக்குச் செய்து காட்டியிருக்கிறான். மகள் பத்திரமாக நின்று கைதட்ட, இவன் மணலில் குப்புற விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"சிரிக்காதீங்கக்கா" என்றான்.

நான் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினேன்.

டாக்டர் கேசவமூர்த்தி எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சாந்தாமணி சிஸ்டர், இன்னிக்கிருந்து ஆறு வாரம் கட்டு ரூம் உங்க பொறுப்பு. முதல் கட்டு இவனுக்கே போடுங்க."

பதினேழு வருடம் வார்டில் இருந்தவள் நான். மாவுக்கட்டு என்பது கொத்தனார் வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். ஆனால் ஜூலையில் நர்ஸிங் சூப்பிரண்டெண்ட் அம்மா ஓய்வு பெறுகிறார். அடுத்தது நீங்கள்தான் என்று டாக்டரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஆறு வாரம் மாவு கரைத்தால் தேய்ந்தா போய்விடுவேன்?

எலும்பை நேராக்கியது டாக்டர். மிச்சமெல்லாம் நான். அதாவது, மணிமாறன் சொல்லச் சொல்ல நான். "அக்கா, தண்ணி சூடா இருக்கு, இன்னும் கொஞ்சம் பச்சத் தண்ணி ஊத்துங்க." "பஞ்சு இன்னொரு சுத்துங்க்கா, எலும்பு மேட்டுல." "மாவுப் பட்டைய இழுக்காதீங்க. சும்மா உருட்டி விடுங்க, அதுவே போகும்." காயும்போது உள்ளே சூடு ஏறும் என்று பத்து வருடமாக ஊருக்கே தைரியம் சொன்னவன், தன் முறை வந்ததும் "ஐயோ சுடுதுங்க்கா!" என்று கத்தினான். வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

தலைமுடியெல்லாம் வெள்ளை மாவு. ஒரே நாளில் நரைத்துவிட்டாயே என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 6, வியாழன்

விடுப்பில் போவான் என்று பார்த்தால் மணிமாறன் போகவில்லை. கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தூக்கி மாட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். வலது கையால் பதிவேடு எழுதுகிறான். வாயால் என்னை விரட்டுகிறான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்.

இன்று ஆட்டோ ஓட்டும் கனகராஜுக்குக் கணுக்காலில் கட்டு. விரல் நுனிகளால் ஈரக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அக்கா! உள்ளங்கை! உள்ளங்கைல ஏந்துங்க!" என்று மணிமாறன் அலறினான். விரல் பதிந்த இடம் உள்பக்கம் குழிந்து, காய்ந்ததும் கூழாங்கல் மாதிரி தோலில் குத்திக்கொண்டே இருக்குமாம். பத்து நாளில் புண். கட்டைப் பிரிக்கச் சொல்லித் திரும்பப் போட வைத்தான், நோயாளி முன்னாலேயே.

"சிஸ்டர் பழகட்டும் விடுங்க, எனக்கென்ன, இன்னிக்கி சவாரி இல்ல" என்றார் கனகராஜ். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தண்ணீர்ப் பாட்டிலுக்கு மூன்று தடவை கட்டுப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது நன்றாக வந்தது. மணிமாறனிடம் சொல்லவில்லை.

ஜூன் 8, சனி

மணிமாறனிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. டாக்டரும் ஒப்புக்கொண்டவை.

ஒன்று, கட்டுப் போட்டதும் அரை மணி நேரம் நோயாளி பெஞ்சில் உட்கார வேண்டும். விரல் என்ன நிறம், சூடு இருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். இன்னொன்று, மறுநாள் பத்து மணிக்குள் ஒவ்வொருவருக்கும் போன் செய்ய வேண்டும். பேசியதும் பதிவேட்டில் பெயருக்கு நேராக ஒரு டிக். பத்து மணிக்குப் பதிவேடு முன் அலுவலகத்துக்குப் போய்விடும்.

"நல்லாருக்கீங்களான்னு கேக்காதீங்கக்கா. நம்மூருல சாகக் கெடக்கறவங்களும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாங்க. வலி நேத்தைக்குவிட கூடியிருக்கான்னு கேளுங்க. விரல நீட்டச் சொல்லி வலிக்குதான்னு கேளுங்க."

கணியூர் அம்மா ஒருவரிடம் கேட்டேன். விரலை நீட்டினார். வலிக்கவில்லையாம். பிறகு இருபது நிமிடம் மருமகனைப் பற்றிப் பேசினார். என் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஒரு போலீஸ்காரருக்குக் கட்டுப் பிரித்தேன். அறுக்கும் மெஷின் தோலை வெட்டாது, அதிரத்தான் செய்யும் என்று என் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன். அப்படியும் அது சத்தம் போட்டதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றார். பெரிய மீசை. பாவமாக இருந்தது.

ஜூன் 12, புதன்

மாலை நாலு மணிக்கு மில் வேனில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். ஒடிசாக்காரி, பெயர் சாபித்ரி, வயது இருபத்திரண்டு. விடுதிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கூட வந்தவர் விடுதி வார்டன் ரங்கநாயகி. ஐம்பது வயதிருக்கும். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் அந்தப் பெண்ணைக் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். எனக்கு அந்த அம்மாளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

டாக்டர் எலும்பைச் சேர்த்துவிட்டு முழுக் கட்டுப் போடச் சொன்னார். போட்டேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: இந்தப் பத்து நாளில் நான் போட்டதிலேயே அழகான கட்டு. முட்டை ஓடு மாதிரி வழவழவென்று. மணிமாறனே தலையாட்டினான். மகளைச் சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஐந்து மணிக்கு அவன் கிளம்பிவிட்டான்.

சாபித்ரிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் "சரி". கையை உயரமாக வைக்க வேண்டும் என்றேன். "சரி." விரலை அசைத்துக்கொண்டே இரு என்றேன். "சரி." கட்டு இறுக்கமா என்றேன். "சரி." பிறகு "கொஷ்டொ, கொஷ்டொ" என்று என்னமோ சொன்னாள். "கஷ்டப்பட்ட குடும்பம்ங் சிஸ்டர், அதச் சொல்றா" என்றார் வார்டன். தமிழில் அச்சிட்ட அறிவுரைத் தாளை அந்த அம்மாளிடமே கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஷிப்ட் ஆட்களை ஏற்ற வேண்டுமாம். அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஜூன் 13, வியாழன், காலை

நேற்றுக் கட்டுப் போட்ட நாலு பேருக்கும் போன் செய்தாயிற்று. எல்லோரும் சௌக்கியம். வெயில் கொளுத்துகிறது.

ஜூன் 13, இரவு எட்டு மணி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பழனி ரோட்டுப் பக்கம் ஒரு வேலை இருந்தது. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருந்தேன், அதை வாங்கப் போனேன். மில் விடுதி அங்கேதான் இருக்கிறது. வந்தது வந்தோம், அந்தப் பெண்ணையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன்.

வார்டன் வராந்தாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வேலைக்குப் போக சோம்பல்பட்டுக்கிட்டு அழுதுட்டுக் கெடக்கறாளுங். மாத்திரை குடுத்துட்டேன்" என்றார்.

சாபித்ரி மேல்மாடியில் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தலையணை நனைந்திருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நாவல் பழம் தேய்த்த மாதிரி இருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பருமன். தொட்டேன். சில்லென்றிருந்தது. நடுவிரலை ஒரு நூல் அளவுதான் நீட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் கீழே வார்டன் தட்டைக் கீழே போட்டது கேட்டது.

வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் கையை நெஞ்சு உயரத்தில் என் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தேன். பத்து நிமிடப் பாதை. வேகத்தடை வந்த ஒவ்வொரு முறையும் அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துப் பல்லைக் கடித்தாள். வேனில் ஏறும் முன்பே மணிமாறனுக்குப் போன் செய்திருந்தேன். டாக்டர் தியேட்டரில் ஒரு இடுப்பு ஆபரேஷனை முடித்துக்கொண்டிருந்தார். "நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, பிளந்துருங்க" என்று உள்ளேயிருந்து சொல்லியனுப்பினாராம்.

நேற்று ஆசையாசையாக வழித்துவிட்ட கட்டை இரண்டு பக்கமும் நீளவாக்கில் அறுத்தேன். மணிமாறன் ஒற்றைக் கையால் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான். "ஓடு பிரிஞ்சா போதாதுங்க்கா. பஞ்சையும் வெட்டுங்க. துணியையும் வெட்டுங்க. தோல் தெரியற வரைக்கும் ஒரு நூல் மிச்சம் இருக்கக் கூடாது." வெட்டினேன். இரண்டு பாதிகளும் விலகியதும் சாபித்ரி ஒரு பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு மூச்சை நான் பிரசவ வார்டில்தான் கேட்டிருக்கிறேன்.

பிறகு காத்திருந்தோம். டாக்டர் வந்தார், அவரும் உட்கார்ந்தார். நாலு பேரும் ஐந்து விரல்களைப் பார்த்துக்கொண்டு. முதலில் கட்டை விரல் வெளுத்தது, பிறகு மெதுவாகச் சிவந்தது. ஒவ்வொன்றாக மற்றவையும். அரை மணி கழித்து டாக்டர் அவள் விரல்களை நீட்டிப் பார்த்தார். முகம் சுளித்தாள், கத்தவில்லை.

"இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா சதையைக் கீறித் திறந்து விட்டிருக்கணும்" என்றார் டாக்டர். "அதுக்கும் மேல போயிருந்தா இந்தக் கை இவளுக்கு உதவாது."

பிறகு என்னைக் கேட்டார்: "காலைல போன் பண்ணினீங்களே சிஸ்டர், வார்டன் என்ன சொன்னாங்க?"

பதிவேடு மேசையில் திறந்திருந்தது. "நல்லாருக்காள்னு சொன்னாங்க சார்" என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

சாபித்ரி வார்டில் இருக்கிறாள். விரல்கள் நல்ல நிறம். இப்போதைக்கு அடிப்பக்கம் மட்டும் தாங்கும் பாதிக் கட்டு.

போனில் சொன்னதை நம்பாமல் நேரிலேயே போய்ப் பார்த்த சிஸ்டர் என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். மணிமாறன் தட்டவில்லை. அவனுக்கு ஒரு கைதானே.

ஜூன் 17, திங்கள்

ஆஸ்பத்திரி வாட்ஸப் குழுவில் என் படம், சுற்றிலும் ரோஜாப் பூ. வீட்டுக்காரர் அதைத் தன் சொந்தக்காரர் குழு மூன்றிலும் போட்டுவிட்டார். கோயமுத்தூரிலிருந்து சின்ன நாத்தனார் கூப்பிட்டுப் பேசினாள், ஏழு வருடத்துக்குப் பிறகு.

ஜூன் 19, புதன்

வீக்கம் வடிந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்தோம், எலும்பு நகரவில்லை. புதிய கட்டுப் போட்டேன். இந்த முறை கடிகாரத்தைச் சுவரில் எதிரே மாட்டிவைத்து அரை மணி உட்கார வைத்தேன்.

சாபித்ரியோடு வந்தவள் அவளுக்குப் பக்கத்துக் கட்டில்காரி. நாலு வருடமாக இங்கே இருக்கிறாள், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். அவளிடம் கேட்டேன், கொஷ்டொ என்றால் என்ன? "வலிக்குதுன்னு அர்த்தம் அக்கா. உங்க கஷ்டம்தான்."

நான் பஞ்சுச் சுருளை எடுக்கக் குனிந்தேன். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

வார்டன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து விசாரித்தபோது பொய் சொன்னதற்காக. இந்த மாதக் கடைசியில் விசாரணை. அநேகமாக அனுப்பிவிடுவார்களாம்.

நல்லதுதான். அழுகிற பெண்ணை மேல்மாடியில் விட்டுவிட்டுச் சாப்பிட்ட மனுஷி.

ஜூன் 20, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 22, சனி

ரங்கநாயகி வந்தார். அதே கைப்பை. வெளி நோயாளிகள் நிறைந்திருந்த நேரம்.

"போனே வரலீங் டாக்டர்" என்றார். செல்லை எடுத்து அவர் மேசைமேல் வைத்தார். "பாருங். பதிமூணாந் தேதி காலைல உங்க நம்பர் இதுல இருக்குதான்னு நீங்களே பாருங். எம் மேல தப்பே இல்லைன்னு நான் சொல்லல. ஆனா செய்யாதத செஞ்சேன்னு சொன்னா எப்புடிங் ஒத்துக்கறது?"

"அழிச்சிருக்கலாமேம்மா" என்றார் டாக்டர், கோபமில்லாமல். "எங்க ரெஜிஸ்டர்ல டிக் இருக்கு. சிஸ்டர் பேசியிருக்காங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "ஏனுங் சிஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்" என்றார்.

பக்கத்தில் ஒருவருக்குக் கட்டு ஈரமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையால்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரங்கநாயகி செல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "உப்பு இல்லாட்டிப் பரவால்ல சாந்தா" என்றார்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் இதிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் புரட்டிப் பார்த்தேன், என் கையெழுத்து எங்கேயும் கோணவில்லை. நேராக எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி சாபித்ரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது பதினைந்து நிமிடம். வேன்காரரின் ஹாரன் தாங்காமல் அனுப்பிவிட்டேன்.

பதிமூன்றாம் தேதி காலை மூன்று பேரிடம்தான் பேசினேன். நாலாவதாக வார்டன் நம்பரை எடுக்கும்போது பத்து மணியாக ஐந்து நிமிடம். பதிவேட்டை வாங்க ஆள் வந்து நின்றார். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒரு பையனுக்கு முழங்கை, ஒரு பெரியவருக்குக் கால். மறந்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அப்படியே மூடிவைத்தேன். ஆட்டோ பிடித்துப் போனேன்.

பழனி ரோட்டில் எந்தத் தையற்காரரிடமும் நான் புடவை கொடுத்திருக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலையில் முதலில் மணிமாறனிடம் சொன்னேன். அவன் பேனாவை மூடினான்.

"தெரியுங்க்கா."

"எப்படித் தெரியும்?"

"அந்த ரூம் போன்ல போன எல்லா நம்பரும் பதிவாகுமுங்க. பதினாலாந் தேதியே பாத்துட்டேன்."

"பத்து நாளா ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சனிக்கிழம அந்தம்மா வந்துட்டுப் போனதுக்கப்புறம் எனக்கும் தூக்கமில்ல. இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேன்." பிறகு, "வாங்க, நானும் கூட வர்றேன்" என்றான். வேண்டாம் என்றேன்.

டாக்டரிடம் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அடுத்த மாசம் தரச் சான்று கொடுக்க ஆளுங்க வர்றாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எழுதிக் கொடுத்தீங்கன்னா அதை நான் மறைக்க முடியாது. சூப்பிரண்டெண்ட் விஷயத்துலயும் ஒண்ணும் செய்ய முடியாது. கை நல்லாயிடுச்சு. உங்களை யாரும் கேக்கலயே சிஸ்டர்."

"அந்தம்மாவக் கேக்கறாங்களே சார்."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. புதுசா முறிஞ்ச கைக்கு முதல் நாளே முழுக் கட்டுப் போடச் சொன்னது நான். பாதிக் கட்டுப் போட்டிருந்தா வீங்கறதுக்கு இடம் இருந்திருக்கும். அதையும் எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஜூன் 26, புதன்

கடிதத்தோடு மில் அலுவலகத்துக்கு நானே போனேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். ரங்கநாயகியைக் கூப்பிட்டு அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். ரங்கநாயகி கும்பிடுவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் நான் மனசுக்குள் ஒரு சினிமா ஓட்டி வைத்திருந்தேன்.

"ரெண்டு வாரமா எம் பையன் எங்கூடப் பேசல. போன்ல பொய் சொன்னியாம்மான்னு கேக்கறான்" என்றார். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நியாயம்தான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. சூப்பிரண்டெண்டாக வேறொருவரைப் போடுகிறார்கள். வாட்ஸப் குழுவிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் குழுக்களில் இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதையும் குழுவுல போடட்டுமா?" என்றார். பத்து நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

பதிவேட்டில் டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டோம். இனி நோயாளி சொன்னதை அவர் வாய்ச் சொல்லிலேயே எழுத வேண்டும். இன்றைய பதிவுகளில் ஒன்று: "வலி கொறஞ்சிருச்சு, ஆனா உள்ள ஒரு எறும்பு ஓடுது." வரச் சொல்லிப் பார்த்தோம். நிஜமாகவே எறும்பு. கட்டை நனைக்கக் கூடாது என்று சொன்ன நாங்கள், பேரீச்சம்பழத்தை உள்ளே போடக் கூடாது என்று சொல்லவில்லை. நோயாளிக்கு நாலு வயது.

அறிவுரைத் தாளை ஒடியாவிலும் ஹிந்தியிலும் அச்சடித்தாயிற்று. ஒடியாவில் சரிபார்த்தது சாபித்ரி. இரண்டு பிழை கண்டுபிடித்தாள்.

ஜூலை 15, திங்கள்

மணிமாறனுக்குக் கட்டுப் பிரித்தேன். மெஷினை ஓட்டியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஆறு வாரம் முடிந்தது, நான் வார்டுக்குத் திரும்பலாம். ஆனால் அவன் கைக்கு இன்னும் பிடி வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருங்கக்கா என்றான். டாக்டரும் சொன்னார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

சாபித்ரிக்கு இன்று ஆறு வாரம். அவளைக் கூட்டி வந்தவர் ரங்கநாயகி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

கட்டைப் பிரித்தேன். கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்தேன். டாக்டர் புதிய படத்தைப் பார்த்து, எலும்பு சேர்ந்துவிட்டது என்றார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். கட்டை விரல் சுண்டு விரலை எட்டியது, சிரமப்பட்டு. ஊசி நுனியால் தொட்ட இடமெல்லாம் கண்ணை மூடியபடி சரியாகச் சொன்னாள். டாக்டர் போன பிறகு அறையில் நாங்கள் மூவரும் மணிமாறனும்தான்.

ரங்கநாயகி கைப்பையை ஸ்டூலில் வைத்தார். அதை அவர் கீழே வைத்து நான் பார்த்ததேயில்லை.

"அன்னிக்கி ஏழு மணிக்கு ஒருக்கா வந்து எங் கதவத் தட்டினா" என்றார், யாரையும் பார்க்காமல். "மறுநா ஷிப்டு மணிக்கு முந்தி இன்னொருக்கா. ரெண்டு தடவையும் போய்ப் படுன்னு தெரத்திட்டேன். மேனேஜர்கிட்ட போன் வரலைன்னு மட்டும்தான் சொன்னேன். இத யாருகிட்டயும் சொல்லல. சிஸ்டர் எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கு யாரும் தாள் குடுக்கல. அதான் இங்க சொல்றேன். தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு."

சாபித்ரி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆறு வாரத்தில் அவளுக்குத் தமிழ் நிறைய வந்துவிட்டது. என் பங்கையும் சொன்னேன். பதினைந்து நிமிடம், டிக், எல்லாம். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீங்களுமா அக்கா?"

"நானும்தான்."

ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு ரொம்ப கோவம்" என்றாள் கடைசியில். "இப்ப கொஞ்சம் கோவம்."

கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான்.

"பசிக்குது" என்றாள் அடுத்து.

ஆஸ்பத்திரி கேன்டீனில் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். மூன்று தோசை வந்தது. சாபித்ரி இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையைத் தட்டில் வைத்தாள். மணிக்கட்டு இன்னும் மடங்கவில்லை, முழங்கையைத் தூக்கித்தான் விரல் தோசைக்கு எட்டியது. ஒரு ஓரத்தைப் பிய்த்தாள், நழுவியது. மறுபடி பிய்த்தாள். சட்னியில் தொட்டாள். பாதி வழியில் ஒரு சொட்டுத் தாவணியில் விழுந்தது. ரங்கநாயகியின் கை தானாகவே நீண்டது, நான் மேசைக்கடியில் அவர் முழங்காலைத் தட்டினேன். கையை எடுத்துக்கொண்டார்.

வாய்க்குள் போய்விட்டது. மென்றாள். நிமிர்ந்தால் நாங்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் சாபித்ரி. "எனக்கு இன்னொரு தோசை சொல்லுங்க."